கவனக் கோளாற்றை மறைக்கும் பிள்ளைகள்

ஓயாது எழுந்து ஓடுகின்ற பிள்ளையை வகுப்பில் யாரும் கவனியாமல் இருப்பதில்லை. ஆசிரியர் கண்டிக்கிறார், பக்கத்துப் பிள்ளைகள் முறையிடுகிறார்கள், பெற்றோர் பள்ளிக்கு அழைக்கப்படுகின்றனர். நல்லதோ கெட்டதோ, அந்தப் பிள்ளைக்கு ஏதோ ஒரு தொல்லை இருக்கிறது என்பது நாலு பேருக்குத் தெரிந்து விடுகிறது. அதே வகுப்பில், அதே தொல்லையை உடைய மற்றொரு பிள்ளை ஜன்னலோரத்தில் அமைதியாக உட்கார்ந்திருக்கிறது. புத்தகம் திறந்திருக்கிறது, கண்கள் கரும்பலகையின் மேல் இருக்கின்றன, மனம் மட்டும் அங்கே இல்லை. மணி அடித்ததும் பக்கத்துத் தோழியின் நோட்டைப் பார்த்து எழுதிக் கொண்டு வீட்டுக்கு வந்து விடுகிறது. இந்தப் பிள்ளையைப் பற்றி யாரும் முறையிடுவதில்லை. இந்த இரண்டாவது பிள்ளையைப் பற்றியதே இன்றைய பேச்சு.

நேயர்களே, இங்கே இரண்டு கேள்விகள் எழுகின்றன. ஒரு குழந்தை தன் மனத்தின் கோளாற்றைப் பெற்றோரும் ஆசிரியரும் அறியாதபடி மறைத்து வைக்க முடியுமா? முடியும் என்றால், வெளியே தெரியாத ஒன்றைத் தேடிப் பிடித்து, மருத்துவரைக் கொண்டு அதற்கு ஒரு பெயர் வைப்பதனால் வரும் பயன் யாது?

முதலில் கோளாறு இன்னதென்று பார்ப்போம். ஆங்கில எழுத்துக்களைச் சுருக்கி ஏ.டி.எச்.டி. என்று மருத்துவர்கள் வழங்குவதைத் தமிழில் ‘கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு’ என்று எழுதுகிறோம். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் இந்தப் பெயரைப் பற்றி ஒரு சொல் கூற வேண்டும். மூலச் சொல்லிலும் சரி, மொழிபெயர்ப்பிலும் சரி, ‘கவனக்குறைவு’ என்பது பொருளை முற்றும் உணர்த்துவதன்று. இப்பிள்ளைகளிடம் கவனம் இல்லாமல் இல்லை. பிடித்த விளையாட்டில், பிடித்த படத்தில் மூன்று மணி நேரம் மூழ்கியிருப்பார்கள். வேண்டிய இடத்தில் கவனத்தை நிறுத்தவும், வேண்டாத இடத்திலிருந்து அதைத் திருப்பவும் அவர்களுக்கு இயலவில்லை. குறை அந்த ஆட்சியில்தான் இருக்கிறது. “சினிமா பார்க்கும்போது மட்டும் கவனம் எங்கிருந்து வருகிறது?” என்று நாம் கேட்பது இதனை அறியாமையினால்தான்.

1902-ஆம் ஆண்டில் லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் ஆற்றிய சொற்பொழிவுகளில், அறிவில் குறைவில்லாதிருந்தும் தம்மைக் கட்டுப்படுத்திக் கொள்ள மாட்டாத பிள்ளைகளை விவரித்தார். அதனை அவர் ஒழுக்கக் கட்டுப்பாட்டின் குறையாகவே கருதினார். 1937-இல் அமெரிக்காவில் சார்லஸ் பிராட்லி என்ற மருத்துவர், ஊக்க மருந்து ஒன்று இத்தகைய பிள்ளைகள் சிலரைப் பாடத்தில் ஊன்றச் செய்வதைக் கண்டார். 1968-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் இக்கோளாறு இடம் பெற்றபோது, அதன் பெயரே மிகை இயக்கத்தை வைத்து அமைந்தது. ஓடாத பிள்ளைக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. 1980-இல்தான், மிகை இயக்கம் இல்லாமலும் கவனக் கோளாறு மட்டும் இருக்கலாம் என்று அக்கையேடு ஒப்புக்கொண்டது. ஜன்னலோரத்துப் பிள்ளை மருத்துவ நூலின் கண்ணில் படுவதற்கே அத்தனை காலம் ஆயிற்று என்றால், அம்மாவின் கண்ணுக்கும் ஆசிரியரின் கண்ணுக்கும் தப்பியதில் வியப்பில்லை.

2013-இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பின்படி, கவனம் பற்றிய அடையாளங்கள் ஒன்பது, இயக்கமும் அவசரமும் பற்றியவை ஒன்பது. குழந்தைகளிடம் இவற்றில் ஏதேனும் ஒரு தொகுதியில் ஆறாவது காணப்பட வேண்டும். ஆறு மாதமேனும் நீடிக்க வேண்டும். வீடு, பள்ளி என்று இரண்டு இடங்களிலேனும் தெரிய வேண்டும். அன்றாட வாழ்வுக்கு இடையூறாக இருக்க வேண்டும். அடையாளங்கள் 7 வயதுக்குள் தோன்றியிருக்க வேண்டும் என்ற பழைய விதி, இப்பதிப்பில் 12 வயது என்று தளர்த்தப்பட்டது. நூற்றுக்கு ஏறத்தாழ 5 பிள்ளைகளுக்கு இக்கோளாறு இருப்பதாக அந்நூல் கூறுகிறது. கோயமுத்தூரில் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் 770 பேரிடையே நடத்தி 2013-இல் வெளியிட்ட ஆய்வு, நூற்றுக்கு 11 பேர் என்று கணக்கிட்டது. அளக்கும் கோல் மாறினால் அளவும் மாறும். ஆயினும் நாற்பது பேர் கொண்ட வகுப்பொன்றில் இரண்டு பிள்ளைகளேனும் இருப்பார்கள் என்று கொள்வது மிகையாகாது.

இனி, மறைப்பு எப்படி நிகழ்கிறது என்று காண்போம். அது மூன்று வகையில் நிகழ்கிறது.

ஒன்று, சூழ்நிலை மறைக்கிறது. புதிய இடத்திலும், ஒருவர் நேருக்கு நேர் அமர்ந்து பேசும்போதும், அடிக்கடி பாராட்டுக் கிடைக்கும்போதும், அடையாளங்கள் மிகவும் குறைந்தோ அறவே இல்லாமலோ போகலாம் என்று மேற்சொன்ன கையேடே எச்சரிக்கிறது. மருத்துவரின் அறை இத்தனையும் கூடிய இடமன்றோ? அங்கே கால் மணி நேரம் கைகட்டி அமர்ந்திருந்த பிள்ளையைப் பார்த்து, “இவனுக்கு ஒன்றுமில்லை” என்று திரும்பி வந்தவர்கள் உண்டு. தாராவியின் சந்துகளிலோ, ஓரிடத்தில் நில்லாத சிறுவனுக்குச் ‘சுறுசுறுப்பான பையன்’ என்றே பெயர். கடைக்கு ஓடுகிறான், தண்ணீர் பிடிக்க ஓடுகிறான், தைத்த துணிக்கட்டைக் கொண்டு போய்க் கொடுக்க ஓடுகிறான். தெருவுக்கு உதவும் அந்தக் கால்கள் வகுப்பறைக்குள் நுழைந்தபின்தான் குற்றமாகின்றன.

இரண்டு, குடும்பம் மறைக்கிறது. மாதுங்காவிலும் செம்பூரிலும் படித்த குடும்பங்களில் இது மிகுதி. அம்மா பையை அடுக்குகிறாள். நேர அட்டவணையைச் சுவரில் ஒட்டுகிறாள். இரவு பதினோரு மணி வரை பக்கத்திலேயே அமர்ந்து ஒவ்வொரு கணக்காகப் போடச் செய்கிறாள். போதாததற்கு இரண்டு இடத்தில் டியூஷன். மதிப்பெண் வந்து விடுகிறது. அதில் பிள்ளையின் உழைப்பு எவ்வளவு, அம்மாவின் உழைப்பு எவ்வளவு என்று யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. கல்லூரி விடுதிக்குச் சென்ற முதல் ஆண்டில் அந்தப் பிள்ளை திடீரென்று தடுமாறி விழும்போது, “இத்தனை நாள் நன்றாகத்தானே படித்தாள்?” என்று வீடே திகைக்கிறது.

மூன்று, பிள்ளையே மறைக்கிறது. இங்கே ‘மறைத்தல்’ என்பதை ஏமாற்று என்று கொள்ளலாகாது. செம்பூரில் ஏழாம் வகுப்புப் படிக்கும் ஒரு சிறுமியைக் கற்பனை செய்து பாருங்கள். கையோ காலோ ஆடினால் ஏச்சு விழும் என்று அவள் அறிவாள். ஆகவே மேசைக்கு அடியில் கால்விரலை மட்டும் மடக்கி மடக்கி விரிக்கிறாள். ஆசிரியை சொன்னது காதில் விழாதபோதும் தலையை அசைத்து வைக்கிறாள். மற்றவர்கள் சிரிக்கும்போது தானும் சிரிக்கிறாள். மறந்து விடுவோமோ என்ற அச்சத்தால் பையை இரவில் நான்கு முறை திறந்து பார்க்கிறாள். பள்ளியிலிருந்து ‘நல்ல பெண், இன்னும் சற்று முயற்சி தேவை’ என்று எழுதி வருகிறது. அவளோ தன்னிடமுள்ள முயற்சி முழுவதையும் நல்ல பெண்ணாகக் காட்சியளிப்பதிலேயே செலவழித்து விட்டாள். மாலையில் வீட்டுக்கு வந்தவுடன் அற்பக் காரணத்துக்கு அழுகை, தம்பியோடு சண்டை. “வெளியில் தங்கம், வீட்டில் பிடாரி” என்று நாம் சொல்லிச் சிரிக்கிறோம்.

எல்லாப் பிள்ளைகளும் இவ்வாறு மறைக்க வல்லவர்கள் என்று நினைக்க வேண்டாம். துள்ளலும் அவசரமும் மிகுந்த பிள்ளையால் நெடுநேரம் மறைக்க முடிவதில்லை. மிகச் சிறிய பிள்ளைகளுக்கு மறைக்க வேண்டும் என்ற எண்ணமே தோன்றுவதில்லை. கவனச் சிதறல் மட்டும் உடையவர்கள், கூர்மையான அறிவுடையவர்கள், பெரும்பாலும் பெண் குழந்தைகள் ஆகியோரே இதில் வல்லவராகின்றனர். குழந்தைகளில் ஒரு சிறுமிக்கு இரண்டு சிறுவர் என்ற கணக்கில் காணப்படும் இக்கோளாறு, வயது வந்தோரில் ஏறக்குறைய ஒருவருக்கு ஒன்றரைப் பேர் என்று நெருங்கி விடுகிறது. சிறுவயதில் நம் கணக்கில் வராத பெண்கள் பிற்காலத்தில் கணக்கில் சேர்வதும் இதற்கு ஒரு காரணம்.

இப்படி மறைத்து வாழ்வதற்கு விலை உண்டு. அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக் கழகத்து ஸ்டீபன் ஹின்ஷா என்ற உளவியல் பேராசிரியர், இக்கோளாறுள்ள 140 சிறுமியரையும், ஒப்பிட்டுப் பார்க்க மற்றும் 88 சிறுமியரையும் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்து வந்தார். அவர்கள் இளம்பெண்களானபோது, கோளாறுள்ளோரிடம் தம்மைத் தாமே காயப்படுத்திக் கொள்வதும் உயிரை மாய்த்துக் கொள்ள முயல்வதும் மற்றவரினும் மிகுந்திருந்தன என்று 2012-இல் வெளியிட்டார். இதைக் கூறுவது பெற்றோரை அச்சுறுத்துவதற்கன்று. ‘தொந்தரவு இல்லாத பிள்ளை’ என்பதும் ‘தொல்லை இல்லாத பிள்ளை’ என்பதும் வேறு வேறு என்று காட்டவே கூறினேன். ‘எல்லோராலும் ஆகிறது, என்னால் மட்டும் ஆகவில்லை, ஆகவே நான் சோம்பேறி, நான் மக்கு’ என்று ஒரு பிள்ளை பத்து வயதில் தனக்குத் தானே தீர்ப்புச் சொல்லிக் கொண்டால், பின்னர் அதை மாற்றுவது எளிதன்று.

வெளி மாநிலங்களில் வாழும் நமக்கு இதில் மேலும் ஒரு சிக்கல் உண்டு. மும்பைத் தமிழ்ப் பிள்ளைக்கு வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, பள்ளியில் பெரும்பாலும் ஆங்கிலம். 2020-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மகாராஷ்டிரப் பள்ளிகள் எல்லாவற்றிலும் மராத்தி கட்டாயப் பாடம். பிள்ளை பின்தங்கினால், “பாஷை பிடிபடவில்லை, போகப் போகச் சரியாகும்” என்று பள்ளியும் வீடும் சேர்ந்து முடிவு கட்டி விடுகின்றன. அது உண்மையாகவும் இருக்கலாம். மொழி புரியாத பிள்ளையும் வகுப்பில் வெறித்துப் பார்த்துக் கொண்டுதான் இருக்கும். அதற்குக் கோளாறு என்று பெயர் வைப்பது பெருந்தவறு. இரண்டையும் பிரித்தறியத் தாய்மொழியே நமக்குத் துணை. தமிழில் சொன்ன மூன்று வேலைகளில் இரண்டை மறக்கிறதா? தமிழில் தொடங்கிய பேச்சை நடுவில் விட்டு வேறெங்கோ போகிறதா? தனக்கு நன்றாகத் தெரிந்த விளையாட்டிலும் தன் முறை வரும் வரை காத்திருக்க முடியவில்லையா? ஆம் என்றால், பழியை மொழியின் மேல் மட்டும் போட இயலாது.

மற்றொன்று, நம் குடும்பங்களில் வழக்கமாக நடப்பது. அம்மாவுக்கு இந்தியோ மராத்தியோ சரியாக வராது. மருத்துவமனையில் பிள்ளையே துபாஷியாக நின்று, மருத்துவர் கேட்பதை அம்மாவுக்கும், அம்மா சொல்வதை மருத்துவருக்கும் எடுத்துரைக்கிறது. காய்ச்சலுக்கு இது போதும். இதற்குப் போதாது. “எல்லாவற்றையும் தொலைத்து விடுகிறான், இரவில் அழுகிறான்” என்று அம்மா சொல்வதை எந்தப் பிள்ளை தன் வாயால் முழுவதும் மொழிபெயர்க்கும்? மறைக்கப் பழகிய பிள்ளை அங்கேயும் மறைக்கத்தான் செய்யும். மொழி தெரிந்த உறவினர் ஒருவரையோ அண்டை வீட்டாரையோ உடனழைத்துச் செல்வது நல்லது.

இனி, மருத்துவர் ஆராய்ந்து பெயர் சூட்டுவதன் பயனுக்கு வருவோம். முதற்பயன், அது வேறொன்றாக இருந்தால் தெரிந்து விடும் என்பது. காது மந்தம், கண்பார்வைக் குறை, இரத்த சோகை, தைராய்டுக் கோளாறு, தூக்கமின்மை, மனக்கவலை ஆகிய எதுவும் கவனச் சிதறலைப் போலத் தோன்றலாம். சில விநாடிகள் நினைவு தப்பி வெறித்து நிற்கும் ஒருவகை வலிப்பு நோயும் பகற்கனவு போலவே காட்சியளிக்கும். ஏழு பேர் ஒரே அறையில், தையல் இயந்திரத்தின் ஓசைக்கு நடுவே தூங்கும் வீட்டில், பிள்ளைக்குத் தூக்கம் போதவில்லை என்பதே முழுக் காரணமாகவும் இருக்கலாம். நோயையும் அதன் முதற்காரணத்தையும் ஆராய்ந்த பின்னரே மருந்து என்பது வள்ளுவர் காலத்திலிருந்து நாம் அறிந்த முறைதானே?

இரண்டாவது பயன், பழி நீங்குகிறது. மூளை வளரும் விதத்தில் உள்ள வேறுபாடு இது. பெரும்பாலும் பரம்பரையாக வருவது. பிள்ளையின் சோம்பலும் காரணமன்று. அம்மாவின் வளர்ப்பும் காரணமன்று. மகனுடைய அடையாளங்களை மருத்துவர் ஒவ்வொன்றாகக் கேட்டு வரும்போது, “இது என்னுடைய கதையல்லவா?” என்று தந்தை உணர்வதும் உண்டு.

மூன்றாவது, உதவிக்கு வழி திறக்கிறது. ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு முதலில் மருந்தன்று. பெற்றோருக்குப் பயிற்சியே முதலில் பரிந்துரைக்கப்படுகிறது. வேலையைச் சிறு பகுதிகளாகப் பிரித்துக் கொடுத்தல், சொன்னதை எழுதியும் காட்டுதல், முன் வரிசையில் அமர்த்துதல், சரியாகச் செய்தவுடன் அப்போதே பாராட்டுதல் ஆகியவை எளியவை, பயனுடையவை. பெரிய பிள்ளைகளுக்குத் தேவையானால் மருந்தும் உண்டு. அமெரிக்காவில் 579 பிள்ளைகளை வைத்து நடத்தி 1999-இல் வெளியிட்ட பேராய்வு, முறையாகக் கண்காணித்துக் கொடுத்த மருந்து, நடத்தைப் பயிற்சி மட்டும் கொடுத்ததைக் காட்டிலும் அடையாளங்களை நன்கு குறைத்ததாகக் கண்டது. மூன்றாண்டு கழித்துப் பார்த்தபோது அந்த வேறுபாடு மறைந்திருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பசியும் தூக்கமும் குறையக் கூடும் என்பதால், மருத்துவரின் கண்காணிப்பின்றி அம்மருந்தைத் தொடலாகாது.

நான்காவது, கூடவே இருக்கும் மற்றொரு குறையும் வெளிப்படுகிறது. இக்கோளாறுள்ள பிள்ளைகள் பலருக்கு எழுத்து, வாசிப்பு, கணக்கு இவற்றில் கற்றல் குறைபாடும் இருப்பதுண்டு. தாராவியை அடுத்துள்ள சயானில், லோகமான்ய திலகர் மாநகராட்சி மருத்துவமனையில் கற்றல் குறைபாட்டுக்கென்று தனிப் பிரிவு நெடுநாளாக நடந்து வருகிறது. இரண்டு குறையும் சேர்ந்த 50 பிள்ளைகளைப் பற்றி அங்குள்ள மருத்துவர்கள் 2007-இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். அப்பிள்ளைகளின் சராசரி வயது 11-ஐத் தாண்டியிருந்தது. முதல் வகுப்பில் சேர்ந்து ஐந்தாறு ஆண்டுகள் கழிந்த பின்னரே அவர்களின் தொல்லைக்குப் பெயர் தெரிந்தது என்று அதற்குப் பொருள். கற்றல் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கு மகாராஷ்டிர அரசு 1996 முதல் தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளை வழங்கி வருகிறது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் குறிப்பிடும் 21 வகைகளில் கற்றல் குறைபாடு இடம் பெற்றுள்ளது. கவனக் கோளாறு தனியாக இடம் பெறவில்லை. ஆகவே ஒன்றைப் பரிசோதிக்கும்போது மற்றொன்றையும் பரிசோதிக்கக் கேட்பது அவசியம்.

எதிர்வாதங்கள் இல்லாமல் இல்லை. “விளையாட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் நோய்ப் பெயர் சூட்டுகிறார்கள்” என்பர் சிலர். பத்து நிமிடம் பார்த்துப் பெயர் சூட்டினால் அக்கண்டனம் நியாயமே. அதனால்தான் இரண்டு இடம், ஆறு மாதம் என்ற விதிகள் உள்ளன. “பெண் பிள்ளைக்கு இப்படியொரு பெயர் வந்தால் நாளைக்கு வரன் அமையுமா?” என்ற அச்சமோ ஆழமானது; அதை எள்ளி நகையாடக் கூடாது. மருத்துவரிடம் சொன்னது மருத்துவரோடு நிற்க வேண்டும் என்பது 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் அளிக்கும் உரிமை. பள்ளிக்கு எதைச் சொல்வது, உறவினருக்கு எதைச் சொல்லாமல் விடுவது என்பது உங்கள் விருப்பம். ஆனால் பெயர் வைக்காவிட்டால் பிள்ளைக்குப் பெயரே இல்லாமல் போய் விடுகிறதா? ‘அசமந்தம்’, ‘மறதிப் பேர்வழி’, ‘பொறுப்பற்றவள்’ என்று நாம் நாள்தோறும் பெயர் வைத்துக் கொண்டுதானே இருக்கிறோம்? ஆராயாமல் வைத்த அப்பெயர்களை விட, ஆராய்ந்து வைத்த பெயர் பிள்ளைக்குச் செய்யும் தீங்கு குறைவு.

செய்ய வேண்டியது இதுதான். ஐயம் தோன்றினால் இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதி வாருங்கள்: எதை மறந்தது, எதைத் தொலைத்தது, வீட்டுப் பாடத்துக்கு எவ்வளவு நேரம் ஆயிற்று, நீங்கள் எவ்வளவு நேரம் கூட அமர்ந்தீர்கள், எத்தனை மணிக்குத் தூங்கிற்று. வகுப்பாசிரியரிடமும் நாலு வரி எழுதி வாங்குங்கள். பழைய மதிப்பெண் பட்டியல்களையும் எடுத்துக் கொண்டு குழந்தை மருத்துவரிடமோ மனநல மருத்துவரிடமோ செல்லுங்கள். மும்பையில் சயான் மருத்துவமனையும் நாயர் மருத்துவமனையும் மாநகராட்சியைச் சேர்ந்தவை. எந்த மாநிலத்தில் இருந்தாலும், 2022-இல் மத்திய அரசு தொடங்கிய டெலி-மானஸ் என்ற மனநல உதவிச் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைத்து, தமிழில் பேச வேண்டும் என்று கேட்கலாம்.

மருத்துவரைப் பார்க்கும் நாள் வரும் வரையில் பிள்ளையிடம் வேறெதுவும் சொல்ல வேண்டாம். “நீ எவ்வளவு கஷ்டப்பட்டு இதைச் செய்கிறாய் என்று எனக்குத் தெரியும், எது கஷ்டம் என்று என்னிடம் சொல்லலாம், நான் ஏச மாட்டேன்” என்று மட்டும் சொல்லுங்கள். சொன்ன பிறகு ஏசாமலும் இருங்கள். மறைக்கத் தேவையில்லாத ஓர் இடம் வீட்டில் கிடைத்து விட்டால், நோட்டில் எழுத வேண்டிய விவரங்களில் பாதியைப் பிள்ளையே உங்களிடம் சொல்லி விடும்.